கை எட்டுகிற தூரத்தில் என்னென்ன வைத்திருக்கிறேன்

இன்றைக்குச் சாயங்காலம் வேலை முடிந்து சாமான்களைத் துடைத்து வைக்கும்போது எண்ணிப் பார்த்தேன். பட்டறையில் சின்னதும் பெரிசுமாக அறுபது எழுபது உருப்படி இருக்கும். காலையிலிருந்து நான் கையை நீட்டி நீட்டி எடுத்தவை ஒன்பதுதான். டேப், மூலை நேர்கோணமா என்று பார்க்கும் மூலைமட்டம், பென்சில், கோடு கீறும் கத்தி, மூன்று உளி, உளியை அடிக்கும் மரச்சுத்தியான கொட்டாப்புளி, மரத்தைச் சீவும் இழைப்புளி. கைரம்பம் சுவரில் ஆணியில் தொங்குகிறது, தீட்டுக்கல் ஜன்னல் திண்டில் இருக்கிறது. அவை இரண்டும் ஒரு எட்டு வைத்தால் கிடைக்கும்.

மதுரை திருமங்கலத்துப் பக்கம் எங்கள் பட்டறை. 2006-ல் பெரியப்பாவிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். நிலை, கதவு, ஜன்னல்தான் பிழைப்பு. நடுநடுவே கட்டில், பூஜை அலமாரி வரும். புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள், "அண்ணே, எந்தக் கம்பெனி சாமான் வாங்கலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் கம்பெனியை அப்புறம்தான் பார்ப்பேன். கெட்டுப்போனால் உட்கார்ந்த இடத்திலேயே நானே அதைச் சரிபண்ண முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. இத்தனை வருஷம் கழித்தும் என் வலது கைப் பக்கம் கிடக்கிறவை எல்லாம் அப்படி என் கைக்கு வசப்பட்டவை.

மூலைமட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்குப் பெரிய பாடம் அதில்தான் கிடைத்தது. 2012-ல் மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குத் தலைவாசல் நிலை செய்தேன். 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம், தேக்கு. நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி நிலை நிறுத்தினார்கள். பூச்சு வேலை முடிந்து கதவு மாட்டப் போனால் மேலே ஒரு மூலை இடிக்கிறது, எதிர் மூலையில் ரெண்டு நூலுக்கு மேல் (ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) சந்து தெரிகிறது. கதவை மூலைக்கு மூலை அளந்து செய்திருந்தேன். நிலையை மட்டும் மட்டத்தை நம்பி விட்டுவிட்டேன். அந்த மட்டம் சில நாள் முன்னால் சென்ட்ரிங் பலகை மேலிருந்து கீழே விழுந்திருந்தது. எடுத்துத் துடைத்துவிட்டு அப்படியே வேலையைத் தொடர்ந்தவன் நான்.

மறுநாள் பெரியப்பா வந்தார். கதவைப் பார்க்கவே இல்லை.

"மட்டத்த எடுத்தா இங்குட்டு. விளிம்பு நேரா இருக்க பலகை ஒண்ணு குடு."

மட்டத்தைப் பலகை விளிம்பில் சேர்த்துப் பிடித்து ஒரு கோடு கீறினார். பிறகு மட்டத்தைப் புரட்டி, அதன் மரக்கட்டைப் பிடி மறுபக்கம் வருகிற மாதிரி வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. சரியான மட்டமாக இருந்தால் ரெண்டும் ஒன்றாக விழ வேண்டும். 9 இன்ச் போனபோது நடுவே ஒரு நூல் விரிந்து நின்றது.

"விரிஞ்சிருக்கதுல பாதிதான் மட்டத்தோட தப்பு. அரை நூலு. மூணரை அடிக்கு அது எம்புட்டு ஆகும்னு நீயே கணக்குப் போடு."

போட்டேன். மூன்றரை அடி என்றால் 42 இன்ச். ஒன்பது இன்ச்சுக்கு அரை நூல் என்றால் 42 இன்ச்சுக்கு ரெண்டேகால் நூலுக்கு மேல் வருகிறது. கதவில் தெரிந்த சந்து அப்படியே அந்தக் கணக்கில் இருந்தது. இன்ச்சுக்கு எட்டு நூல் என்று சின்ன வயசிலேயே படித்தாலும், அரை நூல் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கதவின் மேல்சட்டத்தைச் சாய்வாக இழைத்து ஒரு மாதிரி உட்கார வைத்துக் கொடுத்தோம். வீட்டுக்காரரிடம் உள்ளதைச் சொன்னேன். இன்றைக்கு அந்தத் தெருவில் போனாலும் அந்த வாசலைத்தான் என் கண் தேடும்.

மட்டத்தை நான் தூக்கிப் போடவில்லை. மரக்கட்டையில் இரும்புத் தகடு பதித்த மட்டம் அது. தகட்டின் விளிம்பை அரத்தால் பைய ராவி, ராவி, ஒவ்வொரு தடவையும் புரட்டிக் கோடு போட்டுப் பார்த்துச் சரிசெய்தார் பெரியப்பா. அரை நாள் ஆனது. முழு இரும்பில் வரும் பெரிய எல் வடிவ மட்டம் என்றால் வழி வேறு. கோணம் குறுகியிருந்தால் மூலையின் உள்பக்கத்தை ஒட்டிப் பஞ்ச் வைத்து ஒரு அடி. இரும்பு அங்கே பரந்து மட்டம் விரியும். விரிந்திருந்தால் வெளிமூலையை ஒட்டி அடிக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. அரம் போட்ட அதே மட்டம்தான் இன்றைக்கும் என் பக்கத்தில் இருக்கிறது. விழுந்தால் அன்றைக்கே புரட்டிப் பார்ப்பேன், விழாவிட்டாலும் மாசம் ஒருமுறை.

டேப்பில் அவ்வளவு கதை இல்லை. 5 மீட்டர் டேப், ஒன்றரை ரெண்டு வருஷம் வரும். முனைக் கொக்கி லேசாக ஆடுவதைப் பார்த்து, கெட்டுப்போச்சு என்று ரிவிட்டைத் தட்டி இறுக்கிவிடும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கொக்கியின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் அது ஆடும். வெளியே மாட்டி இழுக்கும்போது முன்னால் வரும், உள்ளே முட்ட வைத்து அளக்கும்போது பின்னால் போகும். ரெண்டு அளவும் சரியாக வருவதே அந்த ஆட்டத்தால்தான். கொக்கி வளைந்துவிட்டால்தான் டேப் தப்புக் காட்டும். எனக்குத் துல்லியம் வேண்டிய இடத்தில் கொக்கியையே நம்புவதில்லை, 10 இன்ச் கோட்டில் வைத்து அளந்து பத்தைக் கழித்துக்கொள்வேன். 1 இன்ச்சில் வைத்து அளப்பவர்களும் உண்டு. ஆனால் கழிக்க மறந்தால் அந்த ஒரு இன்ச் கண்ணுக்குத் தெரியாமல் மரத்தை அறுத்துவிடும். பத்து இன்ச் தப்பினால் ரம்பம் எடுக்கும் முன்னாடியே தெரிந்துவிடும். இன்னொன்று, ஒரு வேலைக்கு ஒரே டேப். நிலையை என் டேப்பிலும் கதவை உதவியாள் டேப்பிலும் அளக்க விடமாட்டேன்.

கோடு கீறும் கத்தி என்று நான் சொல்வது ஒடிந்த ஹாக்ஸா பிளேடு. ஒரு முனையைச் சாணையில் கூராக்கி, மறுமுனைக்குச் சைக்கிள் டியூப் சுற்றியது. பென்சில் கோட்டுக்குக் கனம் உண்டு. அதில் எந்தப் பக்கம் அறுப்பது என்ற சந்தேகம் எப்போதும் வரும். கத்திக் கோட்டுக்குக் கனம் இல்லை. அதைவிட முக்கியம், உளி அந்தக் கீறலில் தானாகப் போய் உட்காரும், நாரும் மேலே சிராய் எழும்பாமல் சுத்தமாக அறுபடும். கழுந்தும் (சட்டத்தின் முனையில் விடும் நாக்கு) அது நுழையும் தொளையும் குறிக்கக் கத்தி. அறுப்புக்கு, எண் போட, அடையாளம் வைக்க எல்லாம் பென்சில்.

உளிக்கு வருகிறேன். கால் இன்ச், அரை இன்ச், ஒரு இன்ச். மூன்று போதும். கால் இன்ச்சும் ஒரு இன்ச்சும் கடையில் வாங்கியவை. அரை இன்ச் பெரியப்பா கொடுத்தது. லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்கிய உளி. கருவேலம் பிடி, பித்தளைப் பூண். தீட்டித் தீட்டி ஒன்றரை இன்ச் நீளம் என் கையிலேயே குறைந்திருக்கிறது. கடை உளி ரெண்டும் வேப்பமரத்தில் முனை சீக்கிரம் மடிந்துவிடும், அது நாள் முழுக்கத் தாங்கும். ஆனால் லாரிப் பட்டை என்றாலே நல்ல உளி என்று எண்ண வேண்டாம். நானே அடித்து வாங்கிய ரெண்டு உளிகள் தொளை போடும்போது முனை பொலபொலவென்று உதிர்ந்தன. சூடேற்றிக் குளிரவைத்துப் பதம் போட்டவர் கையைப் பொறுத்தது எல்லாம்.

கடை உளியை நான் ஒருமுறை கெடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். மின்சாணையில் அவசரமாகப் பிடித்தபோது முனை நீலமாகிவிட்டது. நீலம் ஏறினால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் போகும் வரை, தண்ணியில் முக்கி முக்கிச் சாணை பிடித்து அந்தப் பாகத்தையே தேய்த்து எடுத்தேன். அதற்குப் பிறகு சாணைக்குப் பக்கத்தில் தண்ணி டப்பா இல்லாமல் உளியைத் தொடுவதில்லை. சாணையில் 25 டிகிரி சரிவு. கல்லில் முனையை மட்டும் சற்றுத் தூக்கி 30. கல்லில் ஐந்தாறு இழுப்பு இழுத்தால் பின்பக்கம் பிசிறு விரலில் தட்டுப்படும். பின்பக்கத்தைக் கல்லில் முழுசாகப் படுக்க வைத்துப் பிசிறை எடுக்க வேண்டும், கொஞ்சங்கூடத் தூக்கக் கூடாது. முழங்கை முடியில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. நான் வேங்கைத் துண்டின் நார் முனையில் ஒரு சீவு சீவிப் பார்ப்பேன். மாவாக உதிராமல் சுருளாக வந்தால் சரி.

மதியச் சாப்பாட்டுக்குப் போகும் முன் மூன்றையும் ஒருமுறை கல்லில் இழுத்துவிட்டுத்தான் எழுவேன். முழுசாக மழுங்கவிட்டுத் தீட்டினால் அரை மணி போகும். இப்படி என்றால் மூன்றே நிமிஷம்.

கொட்டாப்புளி நானே புளியமரத்தில் செய்தது. 2011-ல். புளிக்கு நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும், அதனால்தான் பிளப்பதற்கு விறகுக்காரர்கள் அந்தப் பாடு படுகிறார்கள். அதே குணம்தான் கொட்டாப்புளிக்கு வேண்டும். இரும்புச் சுத்தியலால் உளியை அடித்தால் பிடியின் தலை பூவாக விரிந்து ஒருநாள் பிளந்துவிடும். இதில் அடித்த கருவேலம் பிடி இன்னும் அப்படியே இருக்கிறது. கொட்டாப்புளியின் முகம் குழி விழுந்தபோது ரெண்டு தடவை சீவிச் சமன்படுத்தினேன்.

இழைப்புளியில் நான் பெரியப்பா பேச்சைக் கேட்கவில்லை. அவர் கடைசி வரை மர இழைப்புளிதான். சீவும் தகட்டைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டித் தட்டி அவர் அதை வைக்கும் நேர்த்தி எனக்கு வரவே இல்லை. நான் வைத்திருப்பது இரும்பில் வரும் 4-ஆம் நம்பர். இந்த அமைப்பு லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கருடையது. அவருடைய உரிமைகளை ஸ்டான்லி கம்பெனி 1869-ல் வாங்கியது. தகடு 45 டிகிரியில் படுத்திருக்கும், பின்னால் இருக்கும் சக்கரத்தைத் திருகினால் இறங்கும், ஏறும். நூறு வருஷத்துக்கு மேல் எத்தனையோ கம்பெனிகள் இதே அமைப்பில் செய்வதால், ஒரு திருகு தொலைந்தாலும் தகடு தேய்ந்தாலும் மாற்று கிடைக்கிறது. என்னுடையதில் தகடு ரெண்டாவது. முதல் ஆறு மாசம் அடிப்பாகம் சமமாக இல்லாமல் படுத்தியது உண்மை. கண்ணாடி மேல் உப்புத்தாள் ஒட்டி ரெண்டு நாள் தேய்த்த பிறகுதான் அது இழைப்புளி ஆனது. அடியில் மெழுகுவர்த்தியை ஒரு கோடு தேய்த்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், கை வலி பாதி குறையும்.

மின் இழைப்பானும் இருக்கிறது. 82 மி.மீ. அகலத்தில் ஒரே ஓட்டத்தில் அள்ளிவிடும். அது இல்லாமல் இன்றைக்கு வேலையை நாளுக்குள் முடிக்க முடியாது. ஆனால் மாட்டிய கதவை இறக்கிக் கால் நூல் எடுப்பதற்கு அதை நான் எடுப்பதில்லை.

ரம்பத்தில் ரெண்டு வகை வைத்திருக்கிறேன். பல்லை முக்கோண அரத்தால் ராவிக்கொள்ளும் பழைய கைரம்பம் கட்டை மரத்துக்கு. நாரோடு அறுக்க வேண்டியதன் பல் உளி மாதிரியும், குறுக்கே அறுக்க வேண்டியதன் பல் கத்தி மாதிரியும் ராவப்பட்டிருக்க வேண்டும். பல் கறுப்பாக, சூட்டில் இறுக்கி வரும் புது ரம்பம் பிளைவுட்டுக்கு. அதன் பல்லில் அரம் வழுக்கும், மழுங்கினால் முடிந்தது. பிளைவுட் பசை எந்தப் பல்லையும் சீக்கிரம் தின்றுவிடுவதால் அந்த வேலைக்கு அது நியாயமான செலவு. தேக்குக்கு அதை எடுப்பதில்லை. பேட்டரித் துரப்பணமும் அப்படித்தான். திருகு முடுக்க அதை விட்டால் வேறு கதி இல்லை, ஆனாலும் நாலு வருஷத்தில் பேட்டரி போனபோது, மிஷின் நல்லா இருந்தும் மூலையில்தான் போட வேண்டியிருந்தது.

வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியப்பா தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் மிதித்துப் பிடித்து வேலை செய்வார். சாக்கு விரிப்பில், வலது பக்கம், உளி முனைகள் எல்லாம் வெளியே பார்த்த மாதிரி கிடக்கும். 2017-ல் இடுப்பு வலி வந்து நான் மேஜைக்கு மாறினேன். மாறிய முதல் வாரத்திலேயே உளி ரெண்டு தடவை உருண்டு விழுந்தது, ஒரு தடவை பாதத்துக்கு நாலு விரல் தள்ளி. அன்றைக்கே மேஜையின் பின் விளிம்பில் இடைவெளி விட்டு ஒல்லியான ஒரு ரீப்பர் சட்டம் அடித்துவிட்டேன். உளிகள் அதில் முனை கீழாகச் செருகி நிற்கும், பிடி மட்டும் மேலே தெரியும்.

மதுரைப் பக்கம் வருஷத்தில் பாதி வறட்சி, துரு பிடிக்காது என்று நினைத்து ஏமாந்தவன் நான். ஐப்பசி மழையில் மூன்றே நாளில் மட்டத்தின் தகடு செம்புள்ளியாகிவிட்டது. முதலில் நல்லெண்ணெய் தடவினேன். அது நாள்பட்டால் பிசுபிசுப்பாகி மரத்தூளைப் பிடித்துக்கொள்கிறது. தேங்காய் எண்ணெய் அப்படி ஆவதில்லை. மார்கழிக் காலையில் உறைந்து கிடக்கும், உள்ளங்கையில் தேய்த்தால் இளகிவிடும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் பட்டறையில் வேறு வேலை கிடையாது. எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து, மட்டத்தைப் புரட்டிப் பார்த்து, டேப்பை இரும்பு அடிக்கோலோடு ஒப்பிட்டு, ரசமட்டத்தை முன்னும் பின்னும் திருப்பி வைத்துக் குமிழி அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சந்தனம் குங்குமம். போன வருஷம் பார்த்தபோது என் தீட்டுக்கல் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. பள்ளமான கல்லில் தீட்டினால் உளி முனை வளைந்துதான் வரும். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு என்று வரும் கார்போரண்டம் கல், இருபது வருஷம் கிட்ட ஆகிறது. சிமெண்டுத் தரையில் மணலும் தண்ணியும் விட்டு வட்டமாகத் தேய்த்தேன். ரெண்டு மணி நேரத்தில் பள்ளம் போய்விட்டது. புதுப் பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, நான் ஒருக்கா தேய்க்கவா?" என்றான். மறுபக்கத்தை அவனிடம் விட்டுவிட்டு நான் டேப்பை எடுத்துக்கொண்டேன்.