கிலோவைச் சரியாகச் சொல்கிறது, குதிரையின் தம்மைச் சொல்லத் தெரியவில்லை: ஒரு ரேஸ் ரேட்டிங் சந்தா

நீண்ட தூர ஹேண்டிகேப் (திறமைக்கேற்ப எடை சுமத்தும்) பந்தயங்களுக்கென்றே குதிரைகளை மதிப்பிட்டுத் தரும் ஒரு சந்தா சேவையை இந்த வசந்தகால சீசன் முழுக்கப் பயன்படுத்தினேன். மாதம் 39 ஆஸ்திரேலிய டாலர். குறைகளும் சொல்லப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன். மெல்பர்னில் கிடைக்கும் இந்த வகைச் சேவைகள் பலவும் ஒரே வார்ப்புதான், அதனால் வேறொன்றை வாங்க நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

நான் வேளச்சேரியில் வளர்ந்தவன். அப்பா கிண்டி ரேஸ் கோர்ஸ் லாயத்தில் வேலை பார்த்தார். அங்கே பார்த்ததெல்லாம் பெரும்பாலும் 1,000 மீட்டரிலிருந்து 1,600 மீட்டர் வரையிலான ஓட்டங்கள். மெல்பர்ன் வந்த பிறகுதான் 3,200 மீட்டர் என்பது வேறு உலகம் என்று புரிந்தது. ஃப்ளெமிங்டன் மைதானத்தில் நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை ஓடும் மெல்பர்ன் கப்பில் 24 குதிரைகள் வரை இறங்கும். திறமை கூடிய குதிரைக்கு அதிக எடை, குறைந்த குதிரைக்குக் குறைந்த எடை. மிகக் குறைந்த எடை 50 கிலோ. ஜாக்கி, சேணம், பற்றாக்குறைக்குச் சேர்க்கும் ஈயத் தகடு எல்லாம் சேர்ந்த எடை அது. எல்லாக் குதிரையும் ஒரே வரிசையில் வந்து முடிக்க வேண்டும் என்பது இந்த எடைகளை நிர்ணயிக்கும் ஹேண்டிகேப்பரின் கனவு. அந்தக் கனவில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தருவதாகத்தான் இந்தச் சேவை காசு வாங்குகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எடை வரலாறு அருமையாக இருக்கிறது. ஒரு குதிரை எந்தப் பந்தயத்தில், எந்தத் தூரத்தில், எத்தனை கிலோவோடு ஓடியது என்பது ஒரே பக்கத்தில் வந்துவிடுகிறது. அயர்லாந்திலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வரும் குதிரைகளுக்கு ஸ்டோன், பவுண்டு கணக்கைக் கிலோவாக மாற்றியே தருகிறார்கள். கடைசி 600 மீட்டரை எத்தனை வினாடியில் ஓடியது என்ற விவரமும் பக்கத்திலேயே. 2021 முதல் வெளிநாட்டுக் குதிரைகள் கப்பில் ஓட வேண்டுமென்றால் கால்களுக்கு சிடி ஸ்கேன் எடுத்துத் தேற வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு ஆந்தனி வான் டைக் என்ற குதிரை 58.5 கிலோ, அதாவது அந்தப் பந்தயத்தின் உச்ச எடையோடு ஓடி, கால் உடைந்து இறந்துபோனது. அதை நேரலையில் பார்த்த எவருக்கும் இந்த விதி ஏன் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஸ்கேனில் தேறாத குதிரையைச் சேவைக்காரர்கள் உடனே பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். இதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு குதிரைக்கும் இரண்டு மதிப்பெண் தருகிறார்கள். ஒன்று எடைக்கு, இன்னொன்று தூரத்துக்கு. இரண்டையும் கூட்டி, மொத்த மதிப்பெண் வரிசையில் குதிரைகளை அடுக்குகிறார்கள். இந்தக் கூட்டல்தான் எனக்கு உடன்பாடில்லாத இடம்.

எடை மதிப்பெண்ணை எப்படிப் போடுகிறார்கள் என்று உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது: எல்லாத் தூரத்துக்கும் ஒன்றரைக் கிலோவுக்கு ஒரு லென்த், அதாவது ஒன்றரைக் கிலோ கூடினால் ஒரு குதிரை நீளம் பின்தங்கும். ஆஸ்திரேலியாவில் பல பேர் வாய்ப்பாடு போலச் சொல்லும் கணக்கு இது. ஆனால் தூரம் ஏற ஏற இது பிசகுகிறது. நீங்களே போட்டுப் பாருங்கள். பந்தயக் குதிரை ஏறத்தாழ 500 கிலோ இருக்கும். முதுகில் ஒரு கிலோ கூடினால் சுமை 0.2 சதவீதம் கூடுகிறது. 3,200 மீட்டரில் 0.2 சதவீதம் என்றால் 6 மீட்டருக்கும் சற்று மேல். ஒரு லென்த் சுமார் 2.4 மீட்டர். ஆக ஒரு கிலோவுக்கு இரண்டரை லென்த்! இது தோராயக் கணக்குதான், ஆனால் பிரிட்டிஷ் ஹேண்டிகேப்பர்கள் பல காலமாக வைத்திருக்கும் அளவுகோலும் இதற்குப் பக்கத்திலேயே வருகிறது. ஐந்து ஃபர்லாங், அதாவது நம் 1,000 மீட்டர் ஓட்டத்தில் ஒரு லென்துக்கு மூன்று பவுண்டு. இரண்டு மைலில் ஒரு லென்துக்கு ஒரே பவுண்டு. கிலோவில் சொன்னால், அதே ஒரு கிலோ குறுகிய ஓட்டத்தில் முக்கால் லென்த், மெல்பர்ன் கப்பில் இரண்டு லென்துக்கு மேல்.

2020 கப்பை எடுத்துக்கொள்வோம். ட்வைலைட் பேமென்ட் 55.5 கிலோவோடு முதலாவதாக வந்தது. அரை லென்த் பின்னால் டைகர் மாத், 52.5 கிலோ. சேவையின் கணக்குப்படி மூன்று கிலோ வித்தியாசம் வெறும் இரண்டு லென்த். தூரத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஆறுக்கு மேல். அந்த வெற்றி எவ்வளவு பெரியது என்பது சேவையின் பழைய பட்டியலில் தெரியவே இல்லை. இரண்டு குதிரைக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் அந்தப் பந்தயத்தில் இருக்கிறது. ட்வைலைட் பேமென்ட் தொடக்கத்திலேயே முன்னால் போய் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் வந்த எந்தக் குதிரைக்கும் மூச்சுவிட இடமில்லை. வேகம் இப்படி ஒரே சீராக ஓங்கியிருந்தால்தான் எடை தன் முழு விலையையும் வாங்கும். முதல் 2,400 மீட்டரை எல்லோரும் நடைபோட்டுவிட்டு, கடைசியில் மட்டும் விரட்டினால் அது 800 மீட்டர் ஓட்டம் போலத்தான். எடை கூடிய குதிரைக்கு அங்கே பெரிய நஷ்டமில்லை. தெருக்குழாயில் குடம் பிடித்துத் தூக்கி வந்தவர்களுக்கு இது தெரியும். பத்தடிக்கு நிறைகுடமும் முக்கால் குடமும் ஒன்றுதான், மூன்றாவது தெரு திரும்பும்போதுதான் இடுப்பு சொல்லும். யார் முன்னால் போய் வேகம் வைப்பார்கள் என்ற கேள்விக்கு இந்தச் சேவையில் இடமே இல்லை. தூர ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை எப்படி விட்டார்கள் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

தூர மதிப்பெண் இதைவிடப் பலவீனம். அது முழுக்க முழுக்கத் தகப்பன் குதிரையை வைத்துப் போடுவது. ரத்தம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியின் மொன்சூன் என்ற குதிரையின் பிள்ளைகள் ஃபியரென்டே, புரொடெக்‌ஷனிஸ்ட், அல்மண்டின் மூன்றும் 2013, 2014, 2016 கப்களை ஜெயித்தன. நியூசிலாந்தின் ஜபீலுக்கும் அதேபோல் மூன்று பிள்ளைகள்: மைட் அண்ட் பவர், ஜெசபீல், எஃபிஷியன்ட். இப்படிப்பட்ட வம்சத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் 2024-ல் என்ன நடந்தது? நைட்ஸ் சாய்ஸ் 51.5 கிலோவோடு, மூக்கு நுனி வித்தியாசத்தில் கப்பைத் தூக்கியது. அதன் தகப்பன் எக்ஸ்ட்ரீம் சாய்ஸ் 1,000, 1,200 மீட்டர் ஓட்டங்களில் பேர் வாங்கிய குதிரை. தகப்பனை மட்டும் பார்க்கும் பட்டியலில் நைட்ஸ் சாய்ஸ் அடியில்தான் கிடக்கும், கிடந்தது. எதிர்த்திசையில் 2023. வோபான் இங்கிலாந்தின் அஸ்காட்டில் ஒன்றே முக்கால் மைல் ஹேண்டிகேப்பை ஏழரை லென்தில் ஜெயித்துவிட்டு வந்தது, ஹர்டில் (தடை தாண்டும்) ஓட்டங்களிலும் பேர் வாங்கியது. தூரம் தாங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்று எல்லோரும் நம்பினார்கள். 55 கிலோவோடு, ஃபேவரிட்டாக இறங்கி, 14-வதாக வந்தது. தம், அதாவது தூரத்தைத் தாங்கும் சக்தி, ஒரு குதிரையிடம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதல்ல. அன்றைய வேகம், தரை, 24 குதிரைக் கூட்டத்தில் கிடைத்த இடம், முதுகிலிருக்கும் எடை எல்லாம் சேர்ந்து அதைத் தின்னும்.

அதனால்தான் இரண்டு மதிப்பெண்ணைத் தனித்தனியே போட்டுக் கூட்டுவது தவறு என்கிறேன். தம் மிச்சமிருக்கும் குதிரைக்கு இரண்டு கிலோ பெரிய விஷயமே இல்லை. தம் தீர்ந்த குதிரைக்கு அரைக் கிலோவும் பாறாங்கல். மகைபி டீவா 2003-ல் 51, 2004-ல் 55.5, 2005-ல் 58 கிலோ சுமந்து மூன்று முறையும் ஜெயித்தது. ஃபார் லாப் 1930-ல் 62.5 கிலோவோடு ஜெயித்தது, மறு ஆண்டு 68 கிலோவைக் கட்டினார்கள், எட்டாவதாக வந்தது. அன்று ஜெயித்த ஒயிட் நோஸ் சுமந்தது 43.5 கிலோ. இருபத்து நாலரைக் கிலோ இடைவெளி! இன்றைக்கு மேலிருந்து கீழே எட்டரை கிலோ இருந்தாலே அதிகம். பழைய பந்தயங்களையும் புதியவற்றையும் ஒரே தராசில் வைத்து ‘58 கிலோவுக்கு மேல் ஜெயிப்பது கடினம்’ என்று சேவை எச்சரிக்கை போடுகிறது. கார்பைன் 1890-ல் ஏறத்தாழ 66 கிலோ சுமந்து, 39 குதிரைகள் ஓடிய பந்தயத்தை ஜெயித்தது அவர்கள் தரவிலேயே இருக்கிறது. எச்சரிக்கை போட வேண்டியது இடைவெளிக்கு, கிலோவுக்கு அல்ல.

பெனால்டி எடை விஷயத்தில் அவர்கள் செய்வது இன்னும் வருத்தம் தருகிறது. எடைப் பட்டியல் வெளிவந்த பிறகு கால்ஃபீல்டு கப் போன்ற பெரிய ஓட்டத்தை ஜெயித்தால் ஹேண்டிகேப்பர் எடையைக் கூட்டலாம். கூட்டியதும் சேவையில் குதிரையின் பெயர் சிவப்பாக மாறுகிறது, மதிப்பெண் சரிகிறது. ஜெயித்த விதத்தை யாரும் பார்ப்பதில்லை. மைட் அண்ட் பவர் 1997-ல் கால்ஃபீல்டு கப்பை ஏழரை லென்தில் ஜெயித்தது. பெனால்டி சேர்ந்து 56 கிலோ ஆனது. மெல்பர்ன் கப்பையும், இழையில்தான் என்றாலும், ஜெயித்தது. 2021-ல் இன்சென்டிவைஸ் கால்ஃபீல்டை ஜெயித்து, பெனால்டி வாங்கி, 57 கிலோவோடு இரண்டாவது வந்தது. அதை நான்கு லென்தில் தள்ளிய வெரி எலிகன்ட் சுமந்ததும் அதே 57 கிலோ. 2023-ல் வித்தவுட் எ ஃபைட், 2025-ல் ஹாஃப் யுவர்ஸ் இரண்டு கப்பையும் சேர்த்தே வாங்கின. கால்ஃபீல்டு கப்பின் 2,400 மீட்டரைச் சிரமமில்லாமல் ஓடி முடித்த குதிரைக்குப் பெனால்டி என்பது, அது நல்ல நிலையில் இருக்கிறது என்ற சான்றும்கூட. நாக்குத் தள்ள ஜெயித்த குதிரைக்குத்தான் அது சுமை. அப்பா சொல்வார், ‘கடைசி ஃபர்லாங்கில் ஜாக்கியைப் பார்க்காதே, குதிரையின் காதைப் பாரு’ என்று. காது நிமிர்ந்திருந்தால் உள்ளே இன்னும் சரக்கு இருக்கிறது. ரீப்ளேயை இரண்டு நிமிடம் பார்த்தால் தெரிகிற விஷயம் இது.

வயதுச் சலுகையையும் குழப்பியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் பிறந்த மூன்று வயதுக் குதிரைக்கு எடை குறைவாக வருவது அது இன்னும் முழுதாக வளராததால். இங்கிலாந்துப் பந்தய நிர்வாகி அட்மிரல் ரூஸ் 19-ஆம் நூற்றாண்டில் அமைத்த வயது எடை அட்டவணையிலேயே தூரம் கூடக் கூட இளம் குதிரையின் சலுகையும் கூடுகிறது. சேவை அந்தச் சலுகையை லாபமாக எண்ணி மறுபடி ஒரு மதிப்பெண் தருகிறது. 2017-ல் ரீகிண்ட்லிங் 51.5 கிலோ, 2018-ல் கிராஸ் கவுன்டர் 51 கிலோ, இரண்டும் ஜெயித்ததால் அவர்கள் கணக்கு சரியென்று தோன்றலாம். ஜெயித்தது குறைந்த எடையாலா, குதிரையின் தரத்தாலா என்று பிரித்துச் சொல்ல இந்த முறையில் வழியில்லை.

இதையெல்லாம் எழுதி வாடிக்கையாளர் உதவிக்கு அனுப்பினேன். மரியாதையாகப் பதில் வந்தது, ஆனால் உதவிப் பக்கத்தில் இருந்த பத்தியையே திருப்பி அனுப்பியிருந்தார்கள். தூரத்துக்கேற்ற அளவுகோல் வருமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

சரி, வாங்கலாமா? தரவுக்காக வாங்கலாம், மதிப்பெண்ணுக்காக வேண்டாம். மொத்த மதிப்பெண் பக்கத்தை நான் திறப்பதையே விட்டுவிட்டேன். எடை வரலாற்றையும் கடைசி 600 மீட்டர் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறேன், ரீப்ளே இலவசமாகவே கிடைக்கிறது, கிலோவுக்கு இரண்டு லென்த் என்று நானே போட்டுக்கொள்கிறேன். பணம் வைப்பவர்கள் இந்த மதிப்பெண்ணை நம்பிக் கூடுதலாக வைக்காதீர்கள், இது மனமாரச் சொல்வது. ஆண்டுச் சந்தா எடுத்தால் தள்ளுபடி உண்டு, ஆனால் தேவையில்லை. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதம் போதும். இலவச வாரத்தைக் கால்ஃபீல்டு கப் வாரத்தில் தொடங்குங்கள். பெனால்டி அறிவிப்பு வந்ததும் அவர்கள் பட்டியல் எப்படி மாறுகிறது என்பதைக் காசு கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.