பழைய ட்ரம் செட்டுக்குச் சிம்பல் தேடுபவர்கள் கவனத்துக்கு: என்னுடைய 185,000 ரூபா போன விதம்

கொழும்பில் பாவித்த இசைக்கருவிகளை வாங்கி விற்கும் ஒரு கடைக்கு 185,000 ரூபாவைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக வந்து சேர்ந்த மூன்று உதவாத சிம்பல்களை, அதாவது ட்ரம் செட்டில் குச்சியால் தட்டும் வட்ட உலோகத் தகடுகளை, மேசையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அது நடந்துகொண்டிருக்கும்போது பெயரை எழுதினால் வழக்கு என் பக்கம் திரும்பலாம் என்று சட்டம் தெரிந்த நண்பர் தடுத்துவிட்டார். காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடியில், முன்பக்கம் கடையாகவும் பின்பக்கம் களஞ்சியமாகவும் இயங்கி, இணையத்தில் மினுமினுக்கும் படங்களைப் போட்டு ஆள் பிடிக்கும் வகையைச் சேர்ந்தது அது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 1960களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு பிரீமியர் ட்ரம் செட். ஹோட்டல் நடனக் குழுக்களில் வாசித்த என் பெரிய மாமா, கனடாவுக்குப் போகும்போது வெள்ளவத்தை வீட்டில் விட்டுச் சென்றது. ட்ரம்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன; சிம்பல்கள் மட்டும் எப்போதோ யாரோ இரவல் வாங்கிப் போய்த் திரும்பி வரவில்லை. இந்தக் காலத்து ட்ரம்களின் உடல் மெல்லிய மரத் தகடுகளை ஒட்டி வளைத்து, உள்விளிம்புகளில் வலுவுக்கு வளையம் வைத்துச் செய்யப்பட்டது. அடித்தால் இதமாக, உருண்டையாக ஒலித்து விரைவில் அடங்கிவிடும். பாடகருக்கு மட்டும் மைக் வைத்த சிறிய மேடைகளுக்காக உருவான ஓசை அது. அக்காலச் சிம்பல்களும் அதற்கு ஏற்றபடி மெல்லியவையாக, தட்டிய உடனே மலர்ந்து, ட்ரம்மின் குரலுக்கு வழிவிட்டு அடங்குபவையாக இருந்தன. கிட்டார் அம்ப்ளிஃபயர்கள் பெருத்து மேடைகள் உரத்த பிறகே சிம்பல்களும் தடித்துப் பாரம் கூடின. உரத்த ராக் இசைக்கென்று வந்த தடித்த ரைட் (தாளத்தைத் தொடர்ந்து தட்டிப் போகும் பெரிய சிம்பல்) ஒன்றை இந்த செட்டுக்கு மேலே மாட்டினால், கீழே ட்ரம் இருப்பதே காதில் விழாது.

ஆகவே நான் தேடியது 20 அங்குல ரைட் ஒன்றும், காலால் மிதித்து ஒன்றோடொன்று மோதவைக்கும் 14 அங்குல ஹை-ஹெட் சோடி ஒன்றும். பிரீமியர் நிறுவனமே அந்நாளில் ஸின், சூப்பர் ஸின் என்ற பெயர்களில் சிம்பல் விற்றது. 1959இல் வந்த, பைஸ்டி நிறுவனத்தின் ஃபோர்மியூலா 602 சிம்பல் மிகத் துல்லியமான ஓசை கொண்டது, ஆனால் விலை எட்டாது. இஸ்தான்புல்லில் செய்யப்பட்ட பழைய கே ஸில்ஜியன் சிம்பல்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவை சேகரிப்பாளர்களின் அலுமாரிக்குப் போய்விட்டன. எஞ்சியவை அமெரிக்காவில் வார்க்கப்பட்ட அவேடிஸ் ஸில்ஜியன்கள். 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலத்தில் செய்யப்பட்டவை. 1960களில் வந்த 20 அங்குல ரைட் பெரும்பாலும் 2,000 கிராமை ஒட்டித்தான் நிற்கும். மலிவான சிம்பல்கள் 8 பங்கு வெள்ளீயம் மட்டுமே உள்ள தகட்டிலோ, வெறும் பித்தளையிலோ வெட்டப்படுபவை. மெருகு போட்டுவிட்டால் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் என்னிடமிருந்து 185,000 ரூபா பறிக்கப்பட்டது.

முதல் நாள் அந்தக் கடைக்காரர் நடந்துகொண்ட விதத்தை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் அதிகமாக எரிகிறது. விலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. என் செட்டின் படத்தைக் கேட்டு வாங்கி, பெரிதாக்கிப் பார்த்து, டொம் ட்ரம்மின் அடைப்புக் கம்பிகளைக் காட்டி, "இது மாத்தாத சாமான் தம்பி, கவனமா வைச்சிருங்கோ" என்றார். பிளேன்டீ வந்தது. உள்ளே போய்க் கறுத்துப் போன ஒரு ரைடைக் கொண்டுவந்து தாங்கியில் மாட்டி, மரமுனைக் குச்சியொன்றைத் தெரிந்தெடுத்து என் கையில் தந்தார். தட்டினேன். அந்த ஓசையை நான் எப்படிச் சொல்வேன்! குச்சி படும் ஒலி தெளிவாகக் கேட்டது, அதன் பின்னால் மெல்லிய புகைபோல ஒரு கார்வை எழுந்து தானாகவே அடங்கியது. மாமாவின் செட்டோடு பிறந்தது என்றே தோன்றியது. கைபேசியில் காணொளி எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். அடிப்பக்கத்தையும் எடுத்தேன்: நடுவில் எழும்பியிருக்கும் குமிழுக்குள்ளே 1,960 என்று பென்சிலில் கிராம் எடை எழுதியிருந்தது, விளிம்பில் அரிசி மணியளவு ஒரு சிறு பள்ளமும் இருந்தது. செய்த நிறுவனத்தின் முத்திரை உலோகத்தில் ஆழமாக அழுந்தியிருந்தது. ஹை-ஹெட் சோடியும் அப்படியே, மேல் தட்டு இலேசாகவும் கீழ்த் தட்டு பாரமாகவும், பொருந்தி இருந்தது.

மூன்றுக்கும் சேர்த்து 185,000 ரூபா என்றார். அந்த நேரத்தில் அது நியாயமான விலையாகவே இருந்தது, இப்போதும் அந்தச் சிம்பல்களுக்கு அது நியாயமான விலைதான். அங்கேயே நின்று வங்கிக் கணக்குக்குப் பணத்தை மாற்றினேன். "மழை வரப் போகுது தம்பி, இதைக் கையில தூக்கிக்கொண்டு பஸ்ஸில போகாதேங்கோ. நான் துடைச்சு, பையில போட்டு, நாளைக்குக் காலமை ஓட்டோவில அனுப்பிவிடுறன். பில்லும் அதோட வரும்" என்றார். அவ்வளவு அக்கறையாகச் சொல்லப்பட்ட வார்த்தைகள்.

மறுநாள் ஓட்டோவில் வந்த பையைத் திறந்ததும் உலோகம் மினுக்கும் பிராஸோவின் வாடை அடித்தது. கறுத்திருந்த ரைட் பொன்னிறமாகப் பளபளத்தது. துடைத்து அனுப்புவதாகச் சொன்னாரே என்று முதலில் நினைத்தேன். கையில் தூக்கியதும் மணிக்கட்டு கீழே இறங்கியது. சமையலறைத் தராசில் வைத்தேன்: 2,940 கிராம். குமிழுக்குள் பென்சில் எழுத்து இல்லை. விளிம்பில் பள்ளமும் இல்லை. முத்திரை இருந்த இடத்தில் அரைத்துத் தேய்த்த ஒரு மங்கல் மட்டும் இருந்தது. நடுத்துளை ஒரு பக்கமாக இழுபட்டு நீள்வட்டமாகியிருந்தது. கைபேசி வெளிச்சத்தைப் பின்னால் பிடித்துப் பார்த்தபோது, சிம்பலைக் கடையும்போது விழும் வட்ட வரியொன்றின் வழியே இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்ததும், அதைப் பசையால் நிரப்பித் தேய்த்திருந்ததும் தெரிந்தது. அதிர்வு உலோகத்தின் ஊடாக ஓடினால்தான் சிம்பல் ஒலிக்கும். பசைக்கு அந்த வேலை தெரியாது. தட்டினால் முதலில் காதைக் குத்தும் ஒரு கணீர், அதற்குப் பின்னால் தகரம் உரசுவது போன்ற ஒரு நடுக்கம். ஹை-ஹெட்டுகளைப் பற்றி நீட்ட விரும்பவில்லை; இரண்டும் பித்தளை, இரண்டும் ஒரே பாரம். பற்றுச்சீட்டில் "பாவித்த சிம்பல் 3, 185,000/-" என்று மட்டும் எழுதியிருந்தது. அளவும் இல்லை, பெயரும் இல்லை.

உடனே தொலைபேசியில் அழைத்தேன். "கடையில கேக்கிறதும் வீட்டில கேக்கிறதும் ஒண்டா இருக்காது தம்பி. எங்கட தரையில கார்ப்பெட், உங்கட வீட்டில டைல்ஸ்" என்றார். டைல்ஸ் பட்டு ஒரு சிம்பலின் எடை 980 கிராம் கூடுமா என்று கேட்டேன். சமையலறைத் தராசு பிழையாகக் காட்டும் என்றார். புறக்கோட்டையில் உலோகச் சாமான் விற்கும் ஒருவரின் தராசிலும் நிறுத்து, அதன் படத்தை அனுப்பினேன். இரண்டு நீலச் சரிக்குறிகள் விழுந்தன, பதில் விழவில்லை. நேரில் போனபோது, முதல் நாள் தன்னையே முதலாளி என்று சொன்னவருக்குத் திடீரென்று இன்னொரு முதலாளி முளைத்திருந்தார். அவர் சிங்கப்பூரில் இருக்கிறாராம், வந்த பிறகு பேசலாமாம். அடுத்த முறை சிங்களம் மட்டும் தெரிந்த ஒரு பையனை முன்னால் நிறுத்தி "மஹத்தயா இல்லை" என்று சொல்ல வைத்தார்கள். உள்ளே அவருடைய இருமல் எனக்குக் கேட்டது.

கடைசியாகக் கிடைத்த பதில்தான் உச்சம். மேலும் 30,000 ரூபா தந்தால் "வேறொரு நல்லது" மாற்றித் தரலாமாம். 185,000 ரூபாவை விழுங்கியவருக்கு இன்னும் பசி அடங்கவில்லை.

காணொளியைக் காட்டினேன். வெளிச்சத்தின் கோளாறு என்றார், பள்ளம் தூசியாக இருக்கும் என்றார். சிம்பலில் விழும் சுத்தியல் தழும்புகள் ஒன்றில் இருப்பதுபோல் இன்னொன்றில் இருப்பதில்லை. காணொளியில் முத்திரைக்குக் கீழே தெரியும் தழும்புகள் என் மேசையிலுள்ளதில் ஓரிடத்திலும் இல்லை. தவிர, உலோகத்தில் விழுந்த பள்ளம் ஓரிரவில் ஆறிப்போகும் அதிசயம் வெள்ளவத்தையில் இதுவரை நடந்ததில்லை. அந்தக் காணொளியையும் பணம் மாற்றிய பதிவையும் முறைப்பாட்டுடன் இணைத்திருக்கிறேன். சபையின் தொலைபேசி இலக்கம் 1977. இதே கடையில் ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் தயவுசெய்து அழையுங்கள்.

பழைய செட்டுக்குச் சிம்பல் தெரிவு செய்வதைப் பற்றி விரிவாக எழுதும் எண்ணத்தில்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை, ஆகவே அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். தட்டிப் பார்த்த சிம்பலை நீங்களே கையோடு தூக்கி வாருங்கள், மழையாவது வெயிலாவது. எடையையும் அளவையும் பெயரையும் பற்றுச்சீட்டில் எழுதுவித்த பிறகே பணம் கொடுங்கள். நடுத்துளையில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு விளிம்பைத் தட்டுங்கள். ஓசை நடுங்கினாலோ பட்டென்று செத்தாலோ வெடிப்பு இருக்கிறது. பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து வரிகளைப் பாருங்கள். அளவுக்கு மீறிப் பளபளக்கும் பழைய சிம்பலை வாங்கவே வேண்டாம், அந்தக் கறுப்பைத் தேய்க்கிறவன் அதோடு முத்திரையையும் தேய்க்கிறான்.

இன்னும் ஒன்று. குமிழுக்குள்ளே பென்சிலில் 1,960 என்று எழுதிய, விளிம்பில் அரிசி மணியளவு பள்ளம் உள்ள, கறுத்த 20 அங்குல அவேடிஸ் ரைட் ஒன்று கொழும்பில் எங்காவது விற்பனைக்கு வந்திருப்பதைக் கண்டால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதற்கு நான் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன்.