சுயாதீன இயக்குநர் டேட்டாபேங்க்: பங்குதாரருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

இயக்குநர் குழுவில் புரொமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருப்பவர்), அவர் மனைவி, மைத்துனர், பெயருக்கு ஒரு சுயாதீன இயக்குநர், அதாவது புரொமோட்டரோடு தொடர்பில்லாத வெளியாள். கம்பெனியோ நஷ்டத்தில். இங்கே உருப்படியான ஒருவரைக் கொண்டுவர நினைக்கும் பங்குதாரர்களுக்கு ஹரியானாவின் மானேசரில் இருக்கும் இந்திய கார்ப்பரேட் விவகார நிறுவனத்தின் டேட்டாபேங்க் நினைவுக்கு வரும். சுயாதீன இயக்குநராகத் தயாராக இருப்பவர்களின் பட்டியல் அது. 2019 டிசம்பரிலிருந்து நடக்கிறது.

பெயர் பதிய ஓராண்டுக்கு ரூ.5,000, ஐந்தாண்டுக்கு ரூ.15,000, ஆயுளுக்கு ரூ.25,000, ஜிஎஸ்டி தனி. விலக்கு பெற்றவர்கள் தவிர மற்றவர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆன்லைன் தேர்வில் 50% எடுக்க வேண்டும். முதலில் 60% கேட்டார்கள், பிறகு இறக்கிவிட்டார்கள். தேறியவருக்குச் சட்டப்பிரிவுகள் தெரியும். கடன் கொடுத்த வங்கியிடம் தவணையை மாற்றிப் பேசத் தெரியுமா என்பது அந்தத் தேர்வில் வராது.

பெரிய குறை வேறு. பட்டியலைப் பார்க்கும் உரிமை, கட்டணம் செலுத்தும் கம்பெனிகளுக்கு மட்டுமே. பங்குதாரர் நேரடியாகத் தேட முடியாது. கம்பெனி செகரட்டரிக்கு எழுதி, எந்த அனுபவமுள்ள ஆள் தேவை என்று குறிப்பாகச் சொல்லித் தேட வைக்கலாம். அவர் அசையாவிட்டால் டேட்டாபேங்கை மறந்துவிட்டுச் சட்டத்தைப் பிடிக்க வேண்டியதுதான்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 151-வது பிரிவு கைகொடுக்கும்; சிறு பங்குதாரர்கள் தங்கள் சார்பில் ஓர் இயக்குநரைத் தேர்ந்தெடுக்க அது வழிவிடுகிறது. சிறு பங்குதாரர்கள் 1,000 பேர் அல்லது மொத்தச் சிறு பங்குதாரர்களில் பத்தில் ஒரு பங்கினர், இதில் எது குறைவோ அத்தனை பேர் கையெழுத்திட்டு, கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். பலர் சறுக்குவது 'சிறு' என்பதன் கணக்கில். ரூ.20,000 வரம்பு முகமதிப்புக்கு (பங்கின் மேல் குறித்திருக்கும் மதிப்பு), சந்தை விலைக்கு அல்ல. முகமதிப்பு ரூ.10 என்றால் 2,000 பங்கு வரை, ரூ.1 என்றால் 20,000 பங்கு வரை. வேட்பாளராக நிறுத்தப்படுபவரின் டிஐஎன் (இயக்குநர் அடையாள எண்), தகுதியிழப்பு இல்லை என்ற உறுதிமொழி, சம்மதம் மூன்றும் அவர் கையெழுத்தோடு கூடவே போக வேண்டும். ஒன்று விட்டாலும் நிராகரிக்கக் காரணம் கிடைத்துவிடும். பதவி அதிகபட்சம் மூன்று ஆண்டு, மறுநியமனம் கிடையாது.

அதே சட்டத்தின் 160-வது பிரிவில் ஒருவரை இயக்குநராக முன்மொழிய ஒரே ஒரு பங்குதாரர் போதும். ரூ.1 லட்சம் வைப்புத்தொகை உண்டு, ஆனால் சுயாதீன இயக்குநராக முன்மொழிந்தால் அதுவும் வேண்டாம். சிக்கல் ஓட்டில். புரொமோட்டர் கையில் 60% இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

டேட்டாபேங்கிலிருந்தே ஆள் கிடைத்தாலும், அவரைச் சரிபார்க்கும் பொறுப்பைச் சட்டம் கம்பெனி தலையில்தான் வைத்திருக்கிறது. அவர் இயக்குநராக இருக்கும் மற்ற கம்பெனிகளின் தாக்கல்களை கார்ப்பரேட் விவகார அமைச்சகத் தளத்தில் பாருங்கள்; ஏதாவது ஒன்று தொடர்ந்து மூன்று நிதியாண்டு கணக்கோ ஆண்டு அறிக்கையோ தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால் அவருக்கு ஐந்து ஆண்டுத் தகுதியிழப்பு வரும்.

நல்லவர்கள் மறுப்பதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. அமர்வுக் கட்டணம் கூட்டத்துக்கு ரூ.1 லட்சம் வரை தரலாம், ஸ்டாக் ஆப்ஷன் (முன்கூட்டிக் குறித்த விலையில் கம்பெனிப் பங்கு வாங்கும் உரிமை) தரக் கூடாது. நொடிந்த கம்பெனியில் வழக்கு வந்தால் யார் செலவு செய்வார்கள் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. இயக்குநர் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று செகரட்டரியிடம் கேட்டு வைத்துக்கொண்டு அவர்களை அணுகுங்கள்.

மதிப்பீடு: கம்பெனிக்கு 5-க்கு 3. பங்குதாரருக்கு 1.