கட்டளைவரி பழக ஒரு களம்: சிஸ்கோ பாக்கெட் ட்ரேசர் மதிப்புரை

வலையமைப்புகளை இணைக்கும் கருவியான ரௌட்டரைக் கட்டளைவரி வழியாக, அதாவது கட்டளைகளைத் தட்டச்சிட்டு, அமைக்கக் கற்பவர்கள் பெரும்பாலும் திணறுவது, எந்தக் கட்டளையை எந்த நிலையில் நின்று கொடுக்க வேண்டும் என்பதில்தான். அதைப் பழகிக்கொள்ள, சிஸ்கோ நிறுவனம் தன் நெட்வொர்க்கிங் அகாடமி வழியாக இலவசமாக வழங்கும், வலையமைப்புக் கருவிகளைத் திரையில் போலச்செய்து காட்டும் பாக்கெட் ட்ரேசர் மென்பொருளைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அகாடமியில் ஒரு கணக்குத் தொடங்கினால் போதும்.

சிஸ்கோவின் 2911 வகை ரௌட்டர் ஒன்றைத் திரையில் வைத்து அதன் சிஎல்ஐ (கட்டளைவரி) பகுதியைத் திறந்தால், தொடக்க அமைப்பைக் கேள்வி பதிலாகச் செய்துகொள்ள விருப்பமா என்று அது கேட்கும். 'நோ' என்று விடையளித்தபின் '>' குறியுடன் பயனர் நிலை வரும். இங்கே சில விவரங்களைப் பார்க்கலாமேயன்றி அமைப்பு எதையும் மாற்ற இயலாது. 'எனேபிள்' கொடுத்தால் குறி '#' என்று மாறி முழு உரிமையுள்ள நிலையும், 'கான்ஃபிகர் டெர்மினல்' கொடுத்தால் பொது அமைப்பு நிலையும், அங்கிருந்து ஓர் இன்டர்ஃபேஸின் (இணைப்பு முகத்தின்) பெயரைக் குறிப்பிட்டால் அதற்கே உரிய உள்நிலையும் திறக்கும். ஒவ்வோர் அடியிலும் வரியின் முகப்பு மாறுவதால், நாம் எங்கே நிற்கிறோம் என்பது எப்போதும் கண்முன் இருக்கிறது. ஐபி முகவரி இடும் கட்டளையைப் பொது அமைப்பு நிலையிலேயே கொடுத்துப் பாருங்கள்: பிழை தொடங்கும் இடத்தின் கீழே '^' குறியிட்டு மறுத்துவிடும். அதே கட்டளையை இன்டர்ஃபேஸ் நிலையில் ஏற்றுக்கொள்ளும். இன்டர்ஃபேஸை இயக்கிவிடும் 'நோ ஷட்டவுன்' கட்டளையைக் கொடுத்து, மறுமுனையும் இயங்கத் தொடங்கியதும், இணைப்பின் சிவப்பு முக்கோணங்கள் பச்சையாகும். கேள்விக்குறியைத் தட்டினால் நின்ற நிலைக்குரிய கட்டளைகள் மட்டுமே பட்டியலாக வருவது, மனப்பாடத்தைவிட நன்றாகப் பாடம் நடத்துகிறது.

இன்னொரு பயிற்சியையும் அவசியம் செய்ய வேண்டும். அமைப்பைச் சேமிக்காமல் ரௌட்டரின் மின்பொத்தானை அணைத்து மீண்டும் இயக்கினால், செய்தவை அனைத்தும் மறைந்திருக்கும். நடப்பு அமைப்பைத் தொடக்க அமைப்பாக நகலெடுக்கும் கட்டளை ஏன் தேவை என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

குறைகளும் உண்டு. கட்டங்களை நிரப்பியே ரௌட்டரை அமைத்துவிட உதவும் 'கான்ஃபிக்' பகுதியைத் தொடக்கநிலையினர் தவிர்ப்பது நல்லது. ஈடான கட்டளைகளை அது கீழே காட்டினாலும், நிலை விட்டு நிலை செல்லும் வேலையைத் தானே முடித்துவிடுவதால் கற்பவரின் கை பழகுவதில்லை. அதைவிடப் பெரிய குறை, இது சிஸ்கோ ரௌட்டர்களின் இயங்குதளமான உண்மையான ஐஓஎஸ் மென்பொருளை இயக்காமல் அதன் ஒரு பகுதியை மட்டும் போலச்செய்வது. உண்மைக் கருவியில் செல்லுபடியாகும் கட்டளையை இங்கே சரியான நிலையிலேயே கொடுத்தாலும் சில வேளைகளில் அதே பிழைச்செய்தி வரும்; தவறு தம்முடையது என்று எண்ணி மாணவர் குழம்பக்கூடும். ஆகவே நிலைகள் கைக்குப் பழகியபின், முறையாகப் பெற்ற ஐஓஎஸ் கோப்புகளை இயக்கக்கூடிய ஜிஎன்எஸ்3 மென்பொருளுக்கு மாறுவது தகும்.

ஜூனிப்பர் என்ற வேறொரு நிறுவனத்தின் கருவிகளில் பணியாற்ற இருப்பவர்களுக்கு இப்பயிற்சி பாதி வழிக்கே உதவும். ஐஓஎஸில் என்டர் தட்டியவுடன் நடப்புக்கு வரும் மாற்றம், ஜூனிப்பரின் இயங்குதளமான ஜூனோஸில் 'கமிட்' கொடுத்த பின்னரே நடப்புக்கு வரும் என்பதால், அவர்கள் அதற்கெனத் தனிப்பயிற்சி மேற்கொள்ள வேண்டும்.