குளோன்சில்லா: 1 டிபி ஹார்டு டிஸ்கிலிருந்து 250 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற இது போதுமா?

வீட்டு சர்வரில் உபுண்டுவோ டெபியனோ ஓடும் பழைய 1 டிபி ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 250 ஜிபி எஸ்எஸ்டி போட நினைப்பவர்கள் முதலில் தேடிப்போவது குளோன்சில்லாவைத்தான். தைவானின் தேசிய உயர்செயல்திறன் கணினி மையத்தில் உருவான இலவச மென்பொருள். பென் டிரைவில் எழுதி பூட் செய்தால் போதும், எதையும் நிறுவ வேண்டாம். நகலெடுப்பதில் இவ்வளவு நம்பகமான இலவசக் கருவி குறைவு. ஆனால் பெரிய டிஸ்கிலிருந்து சின்னதுக்குப் போகும்போது பாதி வேலையை அது செய்யாது. நாம்தான் முன்கூட்டிச் செய்து வைக்க வேண்டும். அது எந்தப் பாதி என்று தெரியாமல் இறங்குபவர்கள்தான் நடுவழியில் நிற்கிறார்கள்.

குளோன்சில்லாவுக்குள் உண்மையில் நகலெடுப்பது பார்ட்க்ளோன் என்ற நிரல். டிஸ்கின் சிறு கூறுகளான பிளாக்குகளில் தரவு இருப்பவற்றை மட்டும் படிக்கும். காலி இடத்தைத் தொடாது. அதனால் 1 டிபி டிஸ்கில் 40 ஜிபி மட்டும் நிரம்பியிருந்தால், விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் படித்த ஒவ்வொரு பிளாக்கையும் அதே எண்ணுள்ள இடத்தில்தான் எழுதும். பெரிய களத்தில் அங்கங்கே காயப்போட்ட நெல்லை, பரப்பிய இடம் மாறாமல் சின்னக் களத்துக்குக் கொண்டுபோக முடியுமா? முதலில் கூட்டி ஒரு மூலையில் குவிக்க வேண்டும். கூட்டிக் குவிப்பது குளோன்சில்லாவின் வேலை இல்லை.

குவிக்காமல் போனால், இலக்கு பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதி) மூலத்தைவிடச் சிறியது என்று பார்ட்க்ளோன் நின்றுவிடும். அளவுச் சோதனையை ‘-சி’ போட்டு நிறுத்தலாம், ஆனால் ஆபத்து என்று அதே வரியிலேயே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அப்படியே நம்புங்கள். எக்ஸ்பர்ட் மோடில் ‘ஐசிடிஎஸ்’, ‘கே1’ என்று இரண்டு தேர்வுகள் உண்டு. இரண்டையும் போட்டால் சின்ன டிஸ்குக்குப் போய்விடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். முதலாவது டிஸ்க் அளவைச் சரிபார்க்காமல் விடும். இரண்டாவது பார்ட்டிஷன்களை விகிதப்படி சுருக்கிப் போடும். அதாவது பூட் கோப்புகள் இருக்கும் 512 எம்பி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் கால்வாசியாகி 128 எம்பி ஆகும். உள்ளே கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமை மட்டும் பழைய அளவிலேயே நிற்கும். சின்ன டிஸ்குக்குப் போக இந்த வழி வேண்டாம்.

சரியான வழி இது. கடையில் 250 ஜிபி என்று எழுதியிருப்பது ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியின் திரையில் 232.8 ஜிஐபி (1024-இன் மடங்கில் கணக்கிடும் அளவு) என்று வரும். 240 ஜிபி வாங்கினால் 223.5. ஆகவே ரூட் பார்ட்டிஷனை, அதாவது இயங்குதளம் இருக்கும் பகுதியை, 200 ஜிஐபிக்குச் சுருக்குங்கள், எதை வாங்கினாலும் உட்காரும். அதற்கு முன் இடத்தைக் காலி செய்யுங்கள்: படங்களும் பாட்டுகளும் வேறு டிஸ்குக்குப் போகட்டும், டாக்கர் வைத்திருந்தால் அதன் பயன்படாத இமேஜ்களை நீக்குங்கள், சிஸ்டத்தின் ஜர்னல் பதிவுகளை 200 எம்பிக்குக் குறையுங்கள். பிறகு ஜிபார்ட்டட் லைவில் பூட் செய்து சுருக்குங்கள். ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமையை மவுன்ட் ஆன, அதாவது பயன்பாட்டில் உள்ள, நிலையில் சுருக்க முடியாது, அதனால்தான் தனி பூட். ஜிபார்ட்டட் கோப்பு முறைமையை முதலில் சோதித்து, சுருக்கி, அதன் பிறகே பார்ட்டிஷன் எல்லையை நகர்த்தும். கட்டளை வழியாகச் செய்பவர்கள் இந்த வரிசையை மாற்றிவிடக் கூடாது. எல்லையை முதலில் வெட்டினால் கோப்பு முறைமையின் வால் பகுதி வெளியே போய்விடும்.

இந்தச் சுருக்கல்தான் முழு வேலையிலும் ஆபத்தான நேரம். பிளாக்குகள் இடம் மாறிக்கொண்டிருக்கையில் கரன்ட் போனால் கோப்பு முறைமையே சிதையலாம். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. துணை மின்நிலையப் பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு, சாதாரண மோடு என்று ஒரு சுவிட்ச் இருந்தால் யுபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள். சாதாரண மோடில் மாறும் இடைவெளி கூடுதல், சில பவர் சப்ளைகள் அதைத் தாங்காமல் ரீபூட் ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் குளோன்சில்லாவிலேயே முழு டிஸ்குக்கும் ஒரு இமேஜ், அதாவது காப்பு நகல், எடுத்து யுஎஸ்பி டிஸ்கில் வைத்துவிடுங்கள். இந்த இமேஜ் வேலைக்கு மட்டும்கூட குளோன்சில்லாவைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கலாம்.

சுருக்கியபின், எஸ்எஸ்டியில் மூலத்தில் உள்ள அதே வகைப் பார்ட்டிஷன் அட்டவணை (ஈஎஃப்ஐ இயந்திரத்தில் ஜிபிடி) போட்டு, பார்ட்டிஷன்களை நீங்களே உருவாக்குங்கள்: ஈஎஃப்ஐக்கு மூலத்தில் உள்ள அதே அளவு, ரூட்டுக்கு 200-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாக, கடைசியில் ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் இடம்). பிறகு குளோன்சில்லாவில் டிஸ்குக்கு டிஸ்க் முறையை விட்டு, பார்ட்டிஷனுக்குப் பார்ட்டிஷன் முறையைத் தேர்ந்து ஒவ்வொன்றாக நகலெடுங்கள். இங்கே நிதானம் வேண்டும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாறக்கூடும். நேற்று எஸ்டிஏவாக இருந்தது இன்று எஸ்டிபி ஆகலாம். திரையில் பெயருக்குப் பக்கத்திலேயே அளவும் மாடலும் வரும். அதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். எழுதும் முன் குளோன்சில்லா இரண்டு முறை ‘ஒய்’ கேட்கும். இரண்டாவது தடவை விரலை எடுத்துவிட்டு, எதிலிருந்து எதற்கு என்று வரியைத் திரும்பப் படியுங்கள்.

உபுண்டு சர்வரை நிறுவும்போது வட்டு அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால் உங்களிடம் இருப்பது எல்விஎம், அதாவது டிஸ்க் இடத்தை நெகிழ்வாகப் பங்கிடும் அடுக்கு. அப்படியானால் குளோன்சில்லாவே தேவையில்லை. பெரிய டிஸ்கிலும் உபுண்டுவின் நிறுவல் நிரல் ரூட்டுக்கு 100 ஜிஐபி மட்டுமே ஒதுக்கும். அது 250 ஜிபியில் தாராளமாக அடங்கும். எஸ்எஸ்டியில் ‘பிவிகிரியேட்’ போட்டு, ‘விஜிஎக்ஸ்டெண்ட்’ மூலம் அதை எல்விஎம் தொகுப்பில் சேர்த்து, பிறகு ‘பிவிமூவ்’ கொடுங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரவு இடம் மாறிவிடும், நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடைசியில் ‘விஜிரெட்யூஸ்’ போட்டுப் பழைய டிஸ்கைத் தொகுப்பிலிருந்து நீக்குங்கள். பூட், ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்களை மட்டும் தனியாக நகலெடுத்தால் போதும். ரூட்டின் கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ்ஸாக இருந்தாலும் குளோன்சில்லா உதவாது, ஏனென்றால் அதை நடைமுறையில் சுருக்க வழியில்லை. புதிதாகக் கோப்பு முறைமை போட்டு, ஆர்சிங்க் என்ற நகல் கட்டளை மூலம் ஹார்டு லிங்க், ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்), கூடுதல் பண்புகள் விடுபடாமல் கோப்புகளை நகலெடுங்கள்.

முதல் பூட்டுக்கு முன் பழைய டிஸ்கின் வயரைக் கழற்றுங்கள். இரண்டு டிஸ்கிலும் ஒரே யுயுஐடி (கோப்பு முறைமையின் அடையாள எண்) இருப்பதால் கர்னல் எதை மவுன்ட் செய்யும் என்று சொல்ல முடியாது. எஸ்எஸ்டியில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் பழைய டிஸ்கிலேயே எழுதிக்கொண்டிருக்க நேரும். கோப்பு முறைமையின் யுயுஐடி நகலில் மாறாது, ஆனால் பார்ட்டிஷனின் அடையாளம் மாறும். மதர்போர்டு நினைவில் உள்ள பூட் பதிவு பழைய அடையாளத்தைத் தேடித் தோற்கும். உபுண்டு மாற்றுப் பாதையிலும் ஒரு பூட் கோப்பை வைப்பதால், பயாஸ் மெனுவில் எஸ்எஸ்டியைத் தேர்ந்தாலே பெரும்பாலும் எழும்பும். டெபியன் இயல்பாக அப்படி வைப்பதில்லை. லைவ் பென் டிரைவிலிருந்து சிரூட் செய்து (எஸ்எஸ்டியில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழைந்து), பூட் நிரலை நிறுவும் ‘கிரப்-இன்ஸ்டால்’ ஓட்ட வேண்டும். பழைய எம்பிஆர் முறையில் பூட் ஆகும் இயந்திரத்திலும் இதே மருந்துதான்.

பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் அப்படியே நின்றுவிட்டுப் பிறகு தொடர்கிறதா? புதிதாகப் போட்ட ஸ்வாப்பின் யுயுஐடியை, பூட்டில் இணைக்க வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் மாற்றவில்லை என்று அர்த்தம். பூட்டின் தொடக்கத்தில் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் உள்ள ‘ரெஸ்யூம்’ கோப்பிலும் அதை மாற்றி, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ ஓட்டுங்கள். ரூட்டுக்குக் கூடுதலாக விட்ட இடத்தை, சர்வர் ஓடும்போதே ‘ரீசைஸ்2எஃப்எஸ்’ போட்டு நிரப்பிக்கொள்ளலாம். காலியான இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்க வாரம் ஒருமுறை ஓடும் ‘எஃப்எஸ்ட்ரிம்’ டைமர் செயலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எஸ்எஸ்டிக்கு நகலெடுக்க யுஎஸ்பி பெட்டி பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று: சில பெட்டிகள் 512 பைட் செக்டரை 4096 என்று காட்டும். அதில் போட்ட பார்ட்டிஷன் அட்டவணை, எஸ்எஸ்டியை நேராக மதர்போர்டில் மாட்டியதும் படிக்கவே வராது. முடிந்தால் சாட்டா போர்ட்டிலேயே மாட்டி வேலையை முடியுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் போல உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் பழைய சாட்டா வயரையே புது எஸ்எஸ்டிக்கும் போடாதீர்கள். டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளை காட்டும் 199-ஆம் எண், அதாவது சிஆர்சி பிழை எண்ணிக்கை, நாளுக்கு நாள் ஏறினால் கோளாறு பெரும்பாலும் எஸ்எஸ்டியில் இருக்காது, வயரிலோ கனெக்டரிலோ இருக்கும். பழைய டிஸ்கில் 197-ஆம் எண், அதாவது படிக்கச் சிரமப்படும் செக்டர்களின் எண்ணிக்கை, பூஜ்ஜியம் இல்லையென்றால் சுருக்கும் வேலையைத் தொடங்கவே வேண்டாம். படிக்க முடியாத இடங்களைத் தாண்டிச் செல்லும் குளோன்சில்லாவின் ‘ரெஸ்க்யூ’ தேர்வோடு முதலில் இமேஜ் எடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய டிஸ்க் சுருக்கிய பின்னும் பூட் ஆகும். அதை அழிக்காமல் ஒரு மாதம் அலமாரியில் வைத்திருங்கள்.