விற்றுவிடலாமா, வேலை பார்க்கலாமா: எங்கள் 32 வருட ஜீப்பும் வத்தலக்குண்டு பட்டறையும்

எங்களிடம் இருப்பது 1993 மாடல் மஹிந்திரா எம்எம்540. கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடிக்கு மேலே ஏழு ஏக்கர் காப்பித் தோட்டம், நடுவில் மிளகும் மலைவாழையும். தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து எங்கள் காப்பிக் களத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் மண்பாதை. நான்கு வளைவு. இரண்டாவது வளைவில் மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். அந்த ஒன்றரை கிலோமீட்டருக்காகத்தான் என் வீட்டுக்காரர் இந்த ஜீப்பை வாங்கினார். அவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நான்தான் ஓட்டுகிறேன்.

போன ஐப்பசியில் ஆறு மூட்டை உரத்தோடு ஏறும்போது அந்த இரண்டாவது வளைவில் ஏற்றத்தில் இழுக்கப் போடுகிற லோ கியர் தானாகத் தெறித்து நியூட்ரலுக்கு வந்துவிட்டது. வண்டி பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்து நிறுத்தி, கூட வந்த பெண்கள் சக்கரத்துக்குக் கல் வைத்து, மூட்டைகளை இறக்கித் தலையில் சுமந்தோம். உண்மையில் ஒரு வருடமாகவே லோ கியரைப் போடுகிற அந்தக் குட்டி கியர் லீவர் நிற்காமல்தான் இருந்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் ஸ்டீயரிங்கைத் திருப்பி ஓட்டிப் பழகிவிட்டேன். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் அது எவ்வளவு ஆபத்து என்று அன்றுதான் உறைத்தது.

மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். "வித்துரும்மா, இனிமே அது தாங்காது" என்றான். சரி என்று இரண்டு புரோக்கரிடம் சொன்னோம். ஒருவர் 1,10,000, இன்னொருவர் 1,35,000. அதிகம் கேட்டவர் ஒரு நிபந்தனை போட்டார்: பெயர் மாற்றும் படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தர வேண்டும், ஆள் கிடைக்கும்போது அவர் நிரப்பிக்கொள்வாராம். அங்கேயே பேச்சை முடித்துக்கொண்டேன். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ, அந்த வண்டி எங்கே மோதினாலும் அவர்தான் கோர்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் இறந்த பிறகு படிவம் 31 கொடுத்து ஆர்சியை என் பெயருக்கு மாற்ற எத்தனை முறை ஆபீஸ் படி ஏறினேன் என்று எனக்குத்தான் தெரியும். பழைய வண்டி விற்கிற யாரும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம் வேலை பார்க்க என்ன ஆகும் என்று கேட்கப் போனேன். முதலில் போன இடத்தில் வண்டியைக் கிளப்பிப் பார்த்தார்கள், வெள்ளைப் புகையைக் காட்டினார்கள், "இன்ஜினை இறக்கணும், ஒண்ணே முக்கால் லட்சம் ஆகும்" என்றார்கள். அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கணக்குக்கு விற்பதே மேல் என்றுதான் எனக்கும் தோன்றியது.

மிளகு வியாபாரி ஒருவர் சொல்லி வத்தலக்குண்டில் இன்னொரு பட்டறைக்குப் போனேன். தகரக் கொட்டகை, ஒரு பள்ளம், ஒரு மெக்கானிக், இரண்டு பையன்கள். போர்டுகூடக் கிடையாது. அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்திவிட்டு, ஒரு சின்னச் சுத்தியலோடு அடியில் இறங்கினார்.

"இன்ஜினை எத்தனை தடவை வேணும்னாலும் செஞ்சுக்கலாம்க்கா. சேசிஸ் போயிருந்தா நானே ஆள் கூட்டியாந்து வித்துத் தர்றேன்."

என்னையும் இறங்கச் சொன்னார். வண்டி முழுவதையும் தாங்குகிற அடிச்சட்டம்தான் சேசிஸ். அதை முன்னாலிருந்து பின்பக்கம் வரை ஒரு சாண் ஒரு சாணாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கோயில் மணி மாதிரி கணீர் என்றது. வலது பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்குகிற இடத்துக்கு வந்ததும் சத்தம் செத்துவிட்டது, பழைய பானையைத் தட்டுவது போல. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். துரு அப்பளமாக உதிர்ந்து என் சேலையில் விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு அரித்திருந்தது. "இதுல என்ன ஏத்துவீங்க?" என்று கேட்டார். பொட்டாஷ் என்றேன். பொட்டாஷும் ஒரு வகை உப்புத்தான், மூட்டையிலிருந்து சிந்தியது மழைத்தண்ணீரோடு இறங்கிச் சேற்றுக்குள் தங்கி இரும்பைத் தின்றிருக்கிறது என்றார். உரம் ஏற்றிய அன்று அடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் தப்பியிருக்கும். தோட்டத்து ஜீப் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

மற்ற இடமெல்லாம் கணீர்தான். சேசிஸ் ஏன் முக்கியம் என்றும் சொன்னார். ஆர்சியில் இருக்கிற சேசிஸ் எண் அந்த இரும்பில்தான் வெட்டியிருக்கிறது. அது போனால் பேப்பரும் சேர்ந்து போன மாதிரி.

பிறகுதான் இன்ஜின். 2112 சிசி டீசல், பிரெஞ்சுக் கம்பெனி பியூஜோவின் டிசைன். வண்டியை இரவு அங்கேயே விட்டுவிட்டு, காலைக் குளிரில் முதல் தடவை கிளப்பும்போது வரச் சொன்னார். வெள்ளைப் புகை வந்தது. பத்து நிமிடத்தில், சூடேறியதும் நின்றுவிட்டது. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து என் கையை மேலே வைக்கச் சொன்னார். பிஸ்டன் தேய்ந்திருந்தால் அங்கிருந்து புகை குபுகுபு என்று அடிக்குமாம். என் கைக்கு மெல்லிய ஆவிதான் பட்டது. இன்ஜின் கெட்டிருந்தால் தெரிகிற ரேடியேட்டர் குமிழியும் இல்லை, நீலப் புகையும் இல்லை. "நாசிலும் ஹீட்டர் பிளக்கும் மாத்துனா போதும்" என்றார். டீசலைப் பீய்ச்சுவது நாசில், குளிரில் கிளப்பச் சூடேற்றுவது ஹீட்டர் பிளக். ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் வேலை 7,600 ரூபாயில் முடிந்தது இப்படித்தான்.

லோ கியர் தெறித்ததற்குக் காரணம் நான்கு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற ஃபோர் வீல் பெட்டிக்குள் இருக்கிற ஒரு ஷாஃப்ட். கழற்றி என் கையில் கொடுத்தார். நகத்தை வைத்து இழுத்தால் தேய்ந்த பள்ளத்தில் நகம் மாட்டிக்கொண்டது. ஷாஃப்டும் பேரிங்கும் மாற்றி, கியரில் ஒன்றை கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடி எடுத்துப் போட 21,500 ஆனது. சேசிஸில் அரித்த இடத்தை வெட்டி எடுத்து, கனத்த தகடு வைத்து வெல்டிங் செய்ய 14,000. முன்சக்கரம் திரும்புகிற கிங் பின், பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள், பிரேக், கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் 95,000. முதலில் சொன்னது 85,000. கூடின 10,000 பிரேக் குழாயைக் கழற்றும்போது வந்தது, அதையும் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் செய்தார். மாற்றிய சாமான் அத்தனையையும் ஒரு சாக்கில் கட்டி வண்டிக்குள் வைத்திருந்தார்.

குறை என்று பார்த்தால் நாள். மூன்று வாரம் என்றவர் 40 நாள் எடுத்தார். காப்பிப் பழம் எடுக்கத் தொடங்கிய நேரம் அது. வாடகை ஜீப் 26 நடை, நடைக்கு 700 ரூபாய், ஆக 18,200 என் கையை விட்டுப் போனது. வேலைக்கு விடுவதானால் சித்திரை, வைகாசியில் விடுங்கள். பழம் பழுத்த பிறகு விடாதீர்கள்.

இனி விலைக் கணக்கு. விற்றால் 1,35,000 வரும், ஆனால் அந்தப் பாதையில் ஏற வேறு வண்டி வேண்டும். 2020-க்கு முந்தைய பழைய மஹிந்திரா தார் ஜீப் ஒன்றுக்கு எனக்குச் சொன்ன விலை ஐந்தே முக்கால் லட்சம். புதிய தார், மாருதி ஜிம்னி என்று போனால் ஃபோர் வீலோடு ரோட்டுக்கு வர பத்து லட்சத்தைத் தாண்டும். மாருதி ஜிப்ஸி இப்போது தயாரிப்பிலேயே இல்லை. வண்டியே வேண்டாம், வாடகைக்கே பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஒரு பருவத்துக்கு எனக்கு 90 நடையாவது ஆகும், 63,000 ரூபாய். ஒன்றரைப் பருவத்தில் பட்டறைச் செலவு கழிந்துவிடும். பேப்பரும் கையில் இருக்கிறது. 2023-ல் ஆர்சியைப் புதுப்பித்தோம், 2028 வரை செல்லும். 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆக்கிய புதுப்பிப்புக் கட்டணத்தை, 20 வருடம் தாண்டிய கார், ஜீப்புக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். அடுத்த முறைக்கு அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

எல்லோருக்கும் இதே பதில் சரிவராது. தார் ரோட்டில் மட்டும் ஓட்டுபவர் என்றால் விற்றுவிடுங்கள். நான்கே கியர், 50-ஐத் தாண்டினால் பேச்சு கேட்காத சத்தம், ஏர்பேக் கிடையாது. பேரனை ஏற்றிக்கொண்டு இதில் வத்தலக்குண்டு வரை இறங்க மாட்டேன், அதற்கு பஸ் இருக்கிறது. புதுப்பிக்காத ஆர்சி என்றாலும், சேசிஸில் இரண்டு மூன்று இடத்தில் சத்தம் செத்திருந்தாலும் காசு போடாதீர்கள்.

வண்டி வந்து எட்டு மாதம் ஆயிற்று. போன வாரம் நல்ல மழையில் எட்டு மூட்டையோடு இரண்டாவது வளைவில் ஏறினேன். குட்டி கியரை லோவில் போட்டுவிட்டு, பழக்கத்தில் கை அதன் மேலேயே இருந்தது. பாதி ஏற்றத்தில் மெதுவாகக் கையை எடுத்தேன். நின்றது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து மேலே போய்ச் சேர்ந்தேன். கீழே இறங்கிப் பார்த்தால் வெல்டிங் வைத்த இடத்தில் பெயிண்ட்கூட உதிரவில்லை. இப்போது உரம் இறக்கிய கையோடு கழுவிவிடுகிறேன்.

இன்னும் ஹூட் துணி பாக்கி. இடது ஓரம் கிழிந்து சாரல் கண்ணாடிக்கு உள்பக்கமே அடிக்கிறது. மழைத்தண்ணீர் வழிந்தோட வெளிப்பக்கத்துக்குப் புகையிலை தேய்த்துச் சமாளிக்கிறேன், உள்பக்கத்துக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. திண்டுக்கல்லில் தைக்க 9,000 கேட்கிறார்கள். புரட்டாசிக்குள் தைத்து வந்துவிட்டால் இந்த ஐப்பசி மழைக்கு மூட்டை நனையாது.