கண்ணீர் வராத காதலன்: செயின்ட் ஜெர்மெய்ன் நாவல்களோடு பல ஆண்டுகள்

செல்ஸீ க்வின் யார்ப்ரோ என்ற அமெரிக்க எழுத்தாளரின் செயின்ட் ஜெர்மெய்ன் நாவல்களைக் கல்லூரிப் படிப்பு முடிந்த காலத்தில் படிக்கத் தொடங்கினேன். அவற்றுள் சிலவற்றை மூன்றாம் முறையும் படித்துவிட்டேன், சிலவற்றைப் பாதியில் மூடி வைத்துவிட்டு இன்னும் திறக்கவில்லை. 1978-இல் வெளியான ‘ஹோட்டல் டிரான்சில்வேனியா’வில் தொடங்கும் இந்த வரிசையில் இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நாயகன் ஒருவனே: நாலாயிரம் ஆண்டு வயதுடைய ஒரு ரத்தக் காட்டேரி. ஒவ்வொரு நாவலிலும் நாடும் நூற்றாண்டும் மாறும், அவனை நேசிக்கும் பெண்ணும் மாறுவாள். முதல் வாசிப்பின் மயக்கம் தெளிந்த பிறகு இந்த நாவல்களில் எது நிலைத்தது, எது சலித்தது என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

நாயகனின் பெயர் கற்பனையன்று. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் செயின்ட் ஜெர்மெய்ன் கோமகன் என்று ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தார். 1745-இல் லண்டனில் ஒற்றர் என்ற ஐயத்தின் பேரில் பிடிபட்டார், வயலின் அருமையாக வாசித்தார், பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் நட்பைப் பெற்றார், 1784-இல் ஷ்லெஸ்விக் பகுதியின் எக்கர்ன்ஃபோர்டே நகரில் இறந்தார். விருந்து மேசையில் கோமகன் எதையும் உண்ணாமல் பேசிக்கொண்டே இருந்தார் என்று அவர் காலத்து இத்தாலிய எழுத்தாளர் காசனோவா தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கோமகன், டிரான்சில்வேனியாவின் இளவரசராக இருந்து நாடிழந்த ராகோட்ஸியின் மகன் என்றும் ஒரு வதந்தி அக்காலத்தில் உலவியது. அந்த ராகோட்ஸி பிரான்சில் அடைக்கலம் புகுந்திருந்தபோது, அவருடைய பரிவாரத்தினர் பாரிஸில் சென் ஆற்றங்கரையிலிருந்த டிரான்சில்வேனியா மாளிகையில் சூதாட்ட விடுதி நடத்தினார்கள் என்பதும் வரலாறுதான். உண்ணாத மனிதர், வயது தெரியாத முகம், டிராகுலா கதையால் காட்டேரிகளின் நாடாகிவிட்ட டிரான்சில்வேனியாவின் தொடர்பு ஆகிய மூன்றையும் வரலாறே அடுக்கி வைத்திருக்க, யார்ப்ரோ செய்ததெல்லாம் அவற்றை ஒரு நூலில் கோத்ததுதான். சரித்திர நாவல் எழுதுபவருக்கு இதைவிட நல்ல கரு எளிதில் வாய்க்காது.

இந்தக் காட்டேரிக்கென்று ஆசிரியர் வகுத்திருக்கும் விதிகள்தாம் இந்த நாவல்களின் முதுகெலும்பு. தாய்மண் அவனுக்கு வலிமை தருகிறது. அதைக் காலணியின் அடிப்பகுதியில் நிரப்பிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் நடக்கிறான். ஓடும் நீரைக் கடப்பது அவனுக்கு வேதனை என்பதால் ஒவ்வொரு கடற்பயணமும் நோயாளியின் பயணமாகவே முடிகிறது. கண்ணாடியில் அவன் உருவம் தெரியாது. அவனால் அழவும் முடியாது. சிலுவைக்கு அஞ்சுவதில்லை, தேவாலயத்துக்குள் இயல்பாகவே நுழைகிறான். அவனைக் கொன்றவர்கள் வயிற்றைக் கிழித்ததால் உண்டான அகன்ற வெண்தழும்புகள் உடலில் அப்படியே இருக்கின்றன. முதல் முறையாக அவனோடு தனித்திருக்கும் பெண் அந்தத் தழும்புகளைப் பார்க்கும் இடத்தை ஒவ்வொரு நாவலிலும் ஆசிரியர் கவனமாக எழுதுகிறார். சிலர் அஞ்சுகிறார்கள், சிலர் தொட்டுப் பார்க்கிறார்கள், சிலர் கேள்வி கேட்கிறார்கள். அந்த ஒரு நொடியிலேயே அவள் எப்படிப்பட்டவள் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

காதல் நாவல் என்ற வகையில் மிக முக்கியமான விதி வேறொன்று. இறந்தவனாகையால் ஆண் என்ற முறையில் உடலுறவு அவனுக்கு இயலாது. அவன் பருகும் ரத்தமும் சிறிதளவே. அந்த ரத்தம் அவனுக்கு முழு உணவாவது, பெண் மனமுவந்து இன்பம் அடையும்போதுதான். அச்சத்தோடு கொடுக்கப்படும் ரத்தம் அவனுக்கு உயிரைப் பிடித்து வைக்க மட்டுமே உதவும். எனவே பெண்ணின் விருப்பம் இங்கே நாயகனின் பெருந்தன்மையைப் பொறுத்ததாக இல்லை. அது அவனுடைய பசியோடு பிணைக்கப்பட்ட தேவையாகிவிடுகிறது. பெண்ணின் சம்மதத்தைக் கதையின் இயந்திரத்துக்குள்ளேயே பொருத்திய இந்த ஏற்பாடு, 1970-களின் காதல் நாவல்களில் நாயகன் பெண்ணைப் பலவந்தப்படுத்துவதே காதல் என்று பரவலாக எழுதப்பட்டதை நினைத்துப் பார்க்கும்போது துணிச்சலானதாகத் தெரிகிறது.

இதிலிருந்து பிறக்கும் இன்னொரு விதியே என்னை இத்தனை ஆண்டுகள் இந்த நாவல்களிடம் திரும்பத் திரும்ப அழைத்து வந்தது. அவனோடு சில முறைகளுக்கு மேல் கூடிய பெண், தன் மரணத்துக்குப் பின் அவனைப் போலவே ஆகிவிடுவாள். ஆனால் அப்படி ஆனதும் அவர்கள் இருவரும் காதலர்களாக நீடிக்க முடியாது. ஏனெனில் இருவருக்கும் தேவை உயிர், கொடுப்பதற்கு இருவரிடமும் அது இல்லை. அன்பும் ரத்தத்தால் உண்டான பிணைப்பும் அழியாமல் இருக்கும், கூடல் மட்டும் அற்றுப்போகும். சாகாத காதலைப் பற்றிய கதைகளில் சாவே காதலுக்குத் தடையாக நிற்பது வழக்கம். இங்கோ சாகாமையே தடையாகிவிடுகிறது.

‘ஹோட்டல் டிரான்சில்வேனியா’வின் மாடலேன் இந்த விதிக்கு முதல் சான்று. 1743-இல் பாரிஸுக்கு வரும் பத்தொன்பது வயதுப் பெண் அவள். அவள் பிறப்பதற்கு முன்பே தந்தை அவளைச் சாத்தான் வழிபாட்டுக் கும்பல் ஒன்றுக்கு வாக்களித்துவிட்டிருக்கிறார். கதையின் வெளிப்புறத்தில் கடத்தலும் மீட்பும் வாள்சண்டையும் இருக்கின்றன. அவற்றை மறுவாசிப்பில் வேகமாகவே புரட்டிவிடுகிறேன். நிற்கும் இடம் வேறு. அந்த மனிதன் யார் என்று அறிந்த பிறகு மாடலேனுக்கு அச்சத்தைவிட ஆவலே மேலோங்குகிறது. திருமணம், பிள்ளைப்பேறு, விருந்து, முதுமை என்று தன் வாழ்வு முழுவதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதை உணர்ந்த, நிறையப் படித்த பெண் அவள். அவன் தரக்கூடிய காலத்தை, கற்பதற்கும் உலகத்தைப் பார்ப்பதற்குமான காலமாகவே அவள் கணக்கிடுகிறாள். பின்னர் வந்த ‘அவுட் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் லைஃப்’ நாவலில் 19-ஆம் நூற்றாண்டு எகிப்தில் தொல்பொருள் ஆய்வுக் குழுவினரோடு அவள் நிற்பதைக் காணும்போது, முதல் நாவலில் அவள் செய்துகொண்ட பேரம் எவ்வளவு தெளிவானது என்று விளங்குகிறது. அங்கே அவனோடு அவளுக்கு எஞ்சியிருப்பவை கடிதங்கள் மட்டுமே.

‘பிளட் கேம்ஸ்’ நாவலின் ஒலிவியா இதைவிட வலுவான படைப்பு. நீரோ மன்னனின் ரோமாபுரியில் தொடங்கி, ஓராண்டுக்குள் நான்கு பேரரசர்கள் அரியணை ஏறிய கி.பி. 69-ஐயும் கடந்து செல்லும் கதை அது. செனட்டரான அவளுடைய கணவன் ஜஸ்டஸ் தன் வக்கிரத்துக்காக மனைவியை முரட்டு ஆண்களிடம் ஒப்படைத்துவிட்டு மறைந்திருந்து பார்ப்பவன். சட்டம், சொத்து, அடிமைகளின் வாக்குமூலம் அனைத்தும் கணவனின் கைக்குள் இருக்கும் ஒரு சமூகத்தில் அவள் தப்பிக்க வழியே இல்லாமல் அகப்பட்டிருப்பதை யார்ப்ரோ அவசரமில்லாமல் எழுதுகிறார். இரவில் வருபவன் ரத்தம் குடிப்பவன். ஆனால் அந்த வீட்டில் அவள் அஞ்ச வேண்டியது அவனுக்கு அன்று. மேடைப் பேச்சு ஏதுமின்றி இந்த எதிர்நிலையை நாவல் நிறுவிவிடுகிறது. ஒலிவியா பிற்காலத்தில் தனக்கென்று மூன்று நாவல்களைப் பெற்றதில் வியப்பில்லை. அவற்றுள் ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் காலத்துக் கான்ஸ்டான்டிநோபிளில் நடக்கும் ‘எ ஃப்ளேம் இன் பைசான்டியம்’ எனக்குப் பிடித்தது. சொத்துள்ள கைம்பெண் ஒருத்தி ஆண் காப்பாளர் இல்லாமல் ஒரு வீட்டை நடத்துவதே அங்கு எத்தனை பெரிய போராட்டம் என்பதை அதில் காணலாம்.

ஃபுளோரன்ஸ் நகரத்துக் கதையான ‘தி பேலஸ்’ முதல் வாசிப்பில் எனக்குச் சுமாராகவே பட்டது. இப்போது வரிசையிலேயே மேலானவற்றுள் ஒன்றாகத் தோன்றுகிறது. 1492-இல் நகரை ஆண்ட லொரென்ஸோ தே மெடிசி இறப்பதும், அதன்பின் சவொனரோலா என்ற துறவியின் பிடியில் நகரம் மெல்ல மெல்ல இறுகுவதும், 1497-இல் ஓவியங்களும் நூல்களும் அணிகலன்களும் நகரச் சதுக்கத்தில் எரிக்கப்படுவதும் வரலாற்றுச் செய்திகள். ஓவியர் பொட்டிச்செல்லி இங்கே ஒரு பாத்திரமாகவே உலவுகிறார். நேற்றுவரை விருந்துக்கு வந்த அண்டை வீட்டார், அயல்நாட்டான் ஒருவனின் வீட்டில் கண்ணாடி ஏன் இல்லை, அவன் ஏன் நம்மோடு சாப்பிடுவதில்லை என்று முணுமுணுக்கத் தொடங்கும் பகுதிகள் நாவலின் உயிர். அவன்மேல் ஆசை கொண்ட ஒருத்தியின் மனம் திரிந்து, அந்த ஆசையே கன்னிமடத்துச் சுவர்களுக்குள் தெய்வக் காட்சியாகவும் சாத்தானைப் பற்றிய சாட்சியமாகவும் உருமாறுவது, இந்த வரிசையில் காதலின் இருண்ட பக்கத்தை நேர்மையாகக் காட்டும் ஓர் இடம்.

தொடர்ந்து படிப்பவருக்குச் சலிப்பூட்டுபவையும் குறைவில்லை. நாயகன் அளவுக்கு மீறி நல்லவன். மருத்துவம், இசை, ரசவாதம், மொழிகள், வைரம் செய்தல் என அவனுக்குத் தெரியாதது இல்லை; கோபம்கூட அளவோடுதான் வரும். வில்லன்களோ பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள்: பெண்ணின் வேதனையில் இன்பம் காண்பவர்கள். பாலியல் வன்கொடுமைக் காட்சிகள் பல நாவல்களில் விரிவாக வருகின்றன. ஒலிவியாவின் கதையில் அவற்றுக்குத் தேவை உண்டு என்பேன். வேறு சிலவற்றில் அவை வாய்பாடாகிவிட்டன. இளவயது வாசகருக்கு இந்த நூல்களைக் கொடுப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. ஆடை வர்ணனை இன்னொரு சோதனை. கறுப்புப் பட்டு, மாணிக்கம், சரிகை என்று அவன் உடுத்துவதெல்லாம் ஒன்றுவிடாமல் பட்டியலிடப்படும்.

அத்தியாயங்களுக்கிடையே கடிதங்களைச் செருகுவது யார்ப்ரோவின் கைமுத்திரை. நிலக் கிழாரின் கடிதம், ஒற்றனின் அறிக்கை, பாதிரியாரின் முறையீடு என்று தேதியோடும் விளிப்போடும் கையொப்பத்தோடும் வரும். முதல் வாசிப்பில் கதை நகராமல் நிற்கிறதே என்று பலர் இவற்றைத் தாண்டிவிடுவார்கள். தாண்டினால் இழப்பு உண்டு. சூழ்ச்சி எங்கே முளைக்கிறது என்பது நாயகனுக்குத் தெரிவதற்கு வெகு முன்னரே கடிதங்களின் வழியாக நமக்குத் தெரிந்துவிடுகிறது. எச்சரிக்கைக் கடிதமொன்று உரியவர் கைக்குச் சேராமலே போவதை அறிந்தபடி அடுத்த அத்தியாயத்தைப் படிக்கும் பதைப்பு, தபாலை மட்டுமே நம்பியிருந்த காலங்களின் இயல்பைச் சரியாக உணர்த்துகிறது. பிற்கால நூல்களில் இக்கடிதங்கள் நீண்டு நீண்டு கதையை விழுங்கிவிடுகின்றன என்பதும் உண்மையே.

நம் நாட்டுப் பக்கம் வரும் நாவல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் படையெடுப்பின்போது சீனாவில் தொடங்கும் ‘பாத் ஆஃப் தி எக்லிப்ஸ்’ இந்தியாவில் முடிகிறது. தன் பள்ளத்தாக்கைக் காக்கப் படை திரட்டும் சீனப் போர்மகளைப் பற்றிய முற்பகுதி மிக நன்று. இந்தியப் பகுதிக்கு வந்ததும் காளி வழிபாடு என்றால் நரபலியும் கொடூரக் காமமும்தான் என்ற பழைய மேலைநாட்டுச் சரக்கு அப்படியே இறங்குகிறது. கிராமத்துக் காளி கோவிலில் பொங்கல் வைத்து வளர்ந்தவர்களுக்கு அது சிரிப்பும் எரிச்சலும் கலந்த அனுபவமாகவே இருக்கும். பாரிஸையும் ரோமையும் பற்றி அத்தனை அக்கறையோடு படித்து எழுதியவர் இங்கே மட்டும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார். 2001-இல் வந்த ‘எ ஃபீஸ்ட் இன் எக்ஸைல்’, தைமூர் தில்லியைச் சூறையாடிய 1398-ஐக் களமாகக் கொண்டது. பெயர்கள் அங்கும் நம் காதுக்கு ஒட்டவில்லை. ஆனால் துறவு பூண்டு போய்விட்ட கணவனால் கைவிடப்பட்டு, மனைவியும் அல்லாமல் கைம்பெண்ணும் அல்லாமல் நிற்கும் பெண்ணின் நிலையை ஆசிரியர் புரிந்துகொண்டே எழுதியிருக்கிறார்.

‘டெம்ப்டிங் ஃபேட்’டை நான் அடிக்கடி எடுப்பதில்லை. ரஷ்யப் புரட்சியிலிருந்து தப்பி ஜெர்மனியில் குடியேறும் அவன், வழியில் கண்டெடுத்த லாய்ஷா என்ற அநாதைச் சிறுமியை மகளாக வளர்க்கிறான். நாஜிகள் தலையெடுக்கும் காலம். இந்த நூலில் காதலிகள் பின்னணிக்குப் போய்விட, ஒரு தந்தையின் அன்பே முன்னால் நிற்கிறது. அவனால் அழ முடியாது என்ற அந்தச் சிறிய விதி, முந்தைய நாவல்களில் ஒரு தகவலாக மட்டுமே கடந்துபோனது, இங்கேதான் தன் முழுக் கனத்தோடு வந்து இறங்குகிறது. இதற்கு மேல் சொன்னால் புதிதாகப் படிப்பவருக்கு அநியாயம் செய்தவனாவேன்.

படிக்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். நூல்கள் வெளியான வரிசை வேறு, கதை நடக்கும் காலவரிசை வேறு. காலவரிசைப்படி அடுக்கிப் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் ஆசிரியர் விதிகளை ஒவ்வொன்றாக வெளியிடும் முறை அதில் குலைந்துபோகும். அச்சுப் பிரதிகள் இங்கே எளிதில் அகப்படுவதில்லை; பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த பிரதிகள் எப்போதாவது கண்ணில் படும். நான் வாங்கிய மின்னூல் ஒன்றில் பக்கங்களை ஒளிவருடி ஏற்றியபோது புகுந்த எழுத்துப் பிழைகள் அப்படியே விடப்பட்டிருந்தன. லத்தீன் பெயர்கள் நிறைந்த ரோமாபுரி நாவலில் அது பெரும் தொல்லை, ஆகவே மாதிரிப் பக்கங்களைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. திகிலை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். சரித்திரம் பிடிக்கும், காதலும் பிடிக்கும், மெதுவான நடையைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்பவர்கள் ‘ஹோட்டல் டிரான்சில்வேனியா’வில் தொடங்கலாம். அதன் சாத்தான் கும்பல் காட்சிகள் மிகையாகப் பட்டால் நிறுத்திவிடாமல் நேராக ஒலிவியாவிடம் போய்விடுங்கள்.